தென் துருவத்துக்கு டிஜிபிஎஸ் கொண்டுபோகிறவர்களுக்கு: கிருஷ்ணகிரி ஒத்திகையிலிருந்து கடைசிக் கணக்கு வரை

நான் குவாரி சர்வேயர். கிருஷ்ணகிரியைச் சுற்றி கிரானைட் குவாரிகளில் எல்லை அளப்பது, வெட்டியெடுத்த கனஅளவுக்குக் கணக்குப் போடுவது, நடுவில் வீட்டுமனை வேலை. இதுதான் பிழைப்பு. பனியை டீப் ஃப்ரீசரில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் தர்மபுரிப் பக்கத்துத் தம்பி ஒருவர் அண்டார்டிகா போகும் பனியாறு ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்து, டிஜிபிஎஸ் கருவி (செயற்கைக்கோள் சிக்னலை வைத்து சென்டிமீட்டர் துல்லியத்தில் இடத்தை அளப்பது) பழக என்னிடம் வந்தார். அவர் போய்வந்த பிறகு ஃபைல்களைப் பிரித்துக் கணக்குப் போடும்போதும் கூட உட்கார்ந்தேன். அடுத்த வருடம் இன்னொருவர் வந்தார். இரண்டு முறையும் தகராறு வந்த இடங்கள் ஒன்றே. செயற்கைக்கோள் ஒழுங்காக வேலை செய்தது. ஆன்டெனா உயரம், பேட்டரி, குறிப்பேடு இந்த மூன்றில்தான் கை வழுக்கியது. இவற்றை இங்கேயே பழகிவிடலாம். குவாரியில் தப்பு நடந்தால் மறுநாள் காலை பைக்கை எடுத்துப் போய்த் திரும்ப அளப்பேன். அங்கே அந்த வசதி அடுத்த கோடைக்குத்தான்.

படி 1: எதை அளக்கப் போகிறீர்கள்?

கருவியைத் தொடுவதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள். 'துல்லியமா வேணும்ணா' என்று சொன்னால் போதாது.

பனியாறு எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பது கேள்வியானால், பெரும்பாலும் சென்டிமீட்டர் போதும். மேற்கு அண்டார்டிகாவின் பைன் ஐலண்ட் பனியாறு ஒரு நாளைக்கே 10 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அண்டார்டிகாவில் உள்ள நம் மைத்ரி ஆய்வு நிலையத்துக்குத் தெற்கே பனி மெதுவாக, வருடத்துக்குச் சில மீட்டர் முதல் சுமார் 11 மீட்டர் வரை நகர்வதாக இந்திய ஆய்வாளர்கள் ஜிபிஎஸ் வைத்தே அளந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு குச்சியை நட்டு, ஒரு மணிநேரம் இரண்டு மணிநேரம் ரிசீவரை ஓடவிட்டு, அடுத்த வருடம் அதே குச்சியில் மறுபடி அளந்தால் விடை கிடைத்துவிடும்.

பனியின் பாரம் குறைவதால் அடியில் இருக்கும் பாறை எழும்புகிறதா என்பது கேள்வியானால் கதை வேறு. அமுண்ட்சென் கடல் ஓரத்தில் பாறை வருடத்துக்கு 41 மி.மீ. வரை எழும்புவதாக 2018-ல் வெளியான ஆய்வு சொன்னது. அது உலகிலேயே மிக வேகமான எழுச்சிகளில் ஒன்று. மற்ற இடங்களில் சில மி.மீ.தான். அதைப் பிடிக்கப் பாறையில் நிரந்தரமாகப் பொருத்திய ஆன்டெனாவும் வருடக்கணக்கான தரவும் வேண்டும். மைத்ரியில் ஹைதராபாத் என்ஜிஆர்ஐ (தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம்) 1997-ல் அமைத்த நிலையம் அந்த ரகம். ட்ரைபாட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு கோடையில் முடிக்கிற வேலை இல்லை இது.

மூன்றாவது ரகம் ட்ரோன், பனிவண்டி, ரேடார் இழுத்துப் போகும் ஸ்லெட். இவற்றுக்கு ஒரு நொடிக்கு ஒரு பதிவாவது வேண்டும். பக்கத்திலேயே பேஸ் (ஒரே இடத்தில் நின்று, ஒப்பிடுவதற்காகப் பதியும் இன்னொரு ரிசீவர்) ஓட வேண்டும்.

படி 2: அங்கே வானம் எப்படி என்று இங்கேயே பாருங்கள்

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 55 டிகிரி சாய்ந்தது. அதனால் 55 டிகிரி அட்சரேகைக்கு அப்பால் எந்த ஊரின் உச்சந்தலைக்கு நேரேயும் அவை வருவதே இல்லை. துருவத்தில் நின்றால் மிக உயரமாக வருவதே 45 டிகிரிதான்.

கிருஷ்ணகிரி மொட்டைமாடியில் ரிசீவரை வைத்து ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, வான வரைபடத்தைத் திறந்து பாருங்கள். நேர் வடக்கில் சுமார் 36 டிகிரிக்குக் கீழே ஜிபிஎஸ் கோடு ஒன்றுகூட இருக்காது. வட துருவத்தைச் சுற்றியுள்ள ஓட்டை நமக்கு அங்கேதான் தெரிகிறது. (வடக்கே மலை மறைக்கிறது என்று இடத்தை மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜிபிஎஸ்ஸைப் பொறுத்தவரை அங்கே மறைக்க ஒன்றுமில்லை; தெற்கே மறைக்கும் மலைக்குத்தான் பயப்பட வேண்டும்.) மைத்ரி இருப்பது தெற்கே 70 டிகிரி 46 நிமிடத்தில். அங்கே அதே ஓட்டை தலைக்கு மேல் வந்துவிடும்: வடக்கில் 69 டிகிரி உயரத்தில் தொடங்கி, உச்சியைத் தாண்டி, தெற்கில் 23 டிகிரி வரை காலி.

இதனால் கிடைமட்டத்துக்குப் பெரிய சேதமில்லை. அடி வாங்குவது உயரம். பந்தக்காலுக்குக் கயிறு கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கயிற்றையும் தாழ்வாகத் தரையோடு தரையாக இழுத்துக் கட்டினால் கால் பக்கவாட்டில் அசையாது, மேலும் கீழும் ஆடும். அதே கணக்கு.

மருந்து இரண்டு. ஒன்று, ரஷ்யாவின் குளோனாஸ் செயற்கைக்கோள்களையும் சேர்த்துப் பதிவு செய்வது. அதன் சாய்வு 64.8 டிகிரி என்பதால் மைத்ரியில் 82 டிகிரி உயரம் வரை ஏறும். ரஷ்யர்கள் தங்கள் வடக்குக்காகப் போட்ட பாதை, தெற்கே நமக்கு உதவுகிறது. ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோவையும் சேர்த்தே பதியுங்கள். இரண்டு, தாழ்ந்த செயற்கைக்கோள்களைத் தூக்கியெறியாதிருப்பது. இங்கே 15 டிகிரிக்குக் கீழே வெட்டிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. அங்கே பதியும்போது 5 டிகிரி வரை விட்டுவிட்டு, எதை வெட்டுவது என்று கணக்குப் போடும்போது முடிவு செய்துகொள்ளலாம்.

ககன் திருத்தத்தை (ஜிபிஎஸ் பிழையைச் சரிசெய்ய இந்தியா செயற்கைக்கோள் வழியாக அனுப்புவது) அங்கே நம்ப வேண்டாம். அதை அனுப்பும் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்பவை. மைத்ரி அட்சரேகையில், நேர் வடக்கில் இருந்தாலும் அடிவானத்துக்கு மேல் 10 டிகிரி சொச்சத்தில்தான் தெரியும். அதன் சேவை எல்லையும் அதுவரை இல்லை.

அயனமண்டலத் (மேல் வளிமண்டலத்தின் மின்னூட்டப் படலம்) தொல்லை ஒன்றில் மட்டும் நமக்கு ஏற்கெனவே பழக்கம் உண்டு. காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கம் போவதால், மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களில் பொழுது சாய்ந்ததும் சிக்னல் நடுங்கும். ஏழு மணிக்கு மேல் ஆர்டிகே (நின்ற இடத்திலேயே உடனுக்குடன் திருத்தி அளக்கும் முறை) ஃபிக்ஸ் ஆகாமல் தவித்தவர்களுக்குத் தெரியும். துருவத்தில் அந்த நடுக்கம் துருவ ஒளியோடு சேர்ந்து வரும். நேரம் காலம் பார்க்காது. 2024 மே 10-ல் வந்த சூரியப் புயலில் அமெரிக்காவில் ஜிபிஎஸ் வைத்து ஓட்டும் டிராக்டர்களே தடுமாறின. இரட்டை அலைவரிசை ரிசீவர் இல்லாமல் தெற்கே போகாதீர்கள்.

படி 3: முறையைத் தேர்ந்தெடுங்கள்

இங்கே சர்வே ஆஃப் இந்தியாவின் கார்ஸ் (நிரந்தர பேஸ் நிலையங்களின் வலையமைப்பு) திருத்தத்தை மொபைல் நெட்டில் வாங்கி ஐந்து நிமிடத்தில் வேலையை முடிக்கிறோம். அங்கே நெட்டும் இல்லை, கார்ஸும் இல்லை. மிச்சம் மூன்று வழி.

அருகில் பாறை இருந்தால் அதில் சொந்த பேஸ் வையுங்கள். ரோவர் (புள்ளி புள்ளியாக எடுத்துப்போகும் ரிசீவர்) பனியில் போகட்டும், பிறகு இரண்டையும் சேர்த்துக் கணக்கிடலாம். பேஸைப் பனிமேல் வைத்தால் பேஸும் ஊர்ந்துகொண்டிருக்கும். தென் துருவத்தில் பனி வருடத்துக்குச் சுமார் 10 மீட்டர் நகர்வதால் துருவப் புள்ளிக் கம்பத்தையே ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் புதிதாக நடுகிறார்கள்.

பாறை தொலைவில் இருந்தால் பிபிபி: ஒற்றை ரிசீவர், நீண்ட பதிவு, துல்லியமான சுற்றுப்பாதைத் தரவு. என் கருத்தில் புதிதாகப் போகிறவர்களுக்கு இதுதான் நல்லது. உடைய ஒரு கருவி குறைவு.

உடனடி ஆர்டிகே துளையிடும் இடத்தைக் குறிப்பது போன்ற வேலைக்கு மட்டும். அப்போதும் பின்னணியில் மூலத்தரவைப் பதிந்துகொண்டே இருங்கள்.

படி 4: கருவிகளும் செம்மண்ணும்

இந்தியப் பயணங்களை நடத்துவது கோவாவில் உள்ள துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம். அமெரிக்காவில் கருவியை இரவல் தந்து, பழக்கி, தரவைச் சேமித்து வைக்கவே யுனாவ்கோ என்ற அமைப்பு இருந்தது. 2023-ல் ஐரிஸ் அமைப்போடு இணைந்து எர்த்ஸ்கோப் ஆனது. நமக்கு அந்தப் பழக்குகிற வேலையைப் பெரும்பாலும் நாமேதான் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான சர்வே ரிசீவர்கள் -40 டிகிரி வரை தாங்கும் என்று எழுதியிருக்கும். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி -20-க்கே தள்ளாடும். ஆகவே வெளிப் பேட்டரியில் ஓட்டக்கூடிய ரிசீவரா என்று பாருங்கள். சாதா பிவிசி வயர் குளிரில் விறைத்து, வளைத்தால் விரிசல் விடும். சிலிக்கோன் உறை போட்ட வயர் வாங்குங்கள். கழன்று விழக்கூடிய சின்னத் திருகு எதுவும் இருக்கக் கூடாது. இன்சுலேஷன் டேப் ஒட்டாது, பேனா எழுதாது. பென்சில் நான்கைந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சங்கதியை யாரும் யோசிப்பதில்லை. நம்மூர் ட்ரைபாட்டின் இரும்புக் காலில் காய்ந்த செம்மண்ணும் பார்த்தீனிய விதையும் ஒட்டியிருக்கும். அண்டார்டிகாவின் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்காக 1991-ல் மாட்ரிட்டில் கையெழுத்தான உடன்படிக்கை அயல் உயிரினங்களைக் கொண்டுபோவதைத் தடுக்கிறது. இந்தியாவே 2022-ல் தனிச் சட்டம் போட்டிருக்கிறது. தம்பியின் ட்ரைபாட்டைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒரு மாலை முழுக்கத் தேய்த்தோம். காலின் நீட்டும் பகுதிக்குள் தட்டினால் மண் உதிர்ந்துகொண்டே இருந்தது. பாறையில் போல்ட் அடிக்கவும் முன்கூட்டியே அனுமதி வேண்டும்.

படி 5: மின்சாரக் கணக்கு

இதை விரல்விட்டு எண்ணுங்கள். ரிசீவர் 3.5 வாட் எடுத்தால் நாளைக்கு 84 வாட்-மணி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி சீல் பண்ணிய லெட்-ஆசிட் பேட்டரி காகிதத்தில் 1200 வாட்-மணி. -20 டிகிரியில் அதில் பாதிதான் கையில் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 600-ஐ 84-ஆல் வகுத்தால் ஏழு நாள். ஆனால் அடிவரை உறிஞ்சக் கூடாது. சார்ஜ் தீர்ந்த பேட்டரியின் அமிலம் தண்ணீர்போல் ஆகி, பூஜ்ஜியத்துக்குச் சில டிகிரி கீழேயே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். முழுச் சார்ஜில் இருந்தால் -50-லும் உறையாது. எனவே ஐந்து நாள் என்று திட்டமிடுங்கள். லித்தியம்-அயன் பேட்டரியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யவே கூடாது.

சோலார் பலகையை இங்கே 12, 13 டிகிரி சாய்த்துத் தெற்கே பார்க்க வைக்கிறோம். அங்கே கிட்டத்தட்டச் செங்குத்தாக, வடக்கே பார்க்க நிறுத்த வேண்டும். மைத்ரியில் டிசம்பர் 21 நண்பகலில்கூடச் சூரியன் 43 டிகிரிக்கு மேல் ஏறாது. செங்குத்தாக நிறுத்தினால் பனியும் தங்காது.

இப்போது ஒத்திகை. எனக்குத் தெரிந்த ஐஸ்கிரீம் டீலர் ஒருவரிடம் -18 டிகிரியில் ஓடும் பெட்டி இருக்கிறது. ரிசீவர், அதன் பேட்டரி, வயர், மட்டம் பார்க்கும் பபுள் உள்ள போல் (ஆன்டெனா மாட்டும் கம்பம்) தலை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி ராத்திரி உள்ளே வைத்தோம். 'ஏங்ணா, இது வெடிக்காதில்ல?' என்று அவர் நாலு தரம் கேட்டார். காலையில் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது பபுள். உள்ளிருக்கும் திரவம் குளிரில் சுருங்குவதால் குமிழ் பெரிதாகி, வட்டத்தை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. நடுவில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா என்று சொல்வதே சிரமம். மாற்றுப் பேட்டரி போட்டபோது திரையில் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று மங்கலாக நகர்ந்தன. மாடியில் ஒன்பது மணிநேரம் ஓடிய பேட்டரி ஐந்து மணிநேரம் சொச்சத்தில் அணைந்திருந்தது. இன்னொரு பாடமும் கிடைத்தது. பையைப் பிரித்து வெளியே எடுத்த ரிசீவர் இரண்டு நிமிடத்தில் சர்பத் டம்ளர்போல் வியர்த்துவிட்டது. அங்கேயும் வெளியிலிருந்து கூடாரத்துக்குள் கொண்டுவரும்போது பையைக் கட்டியே வைத்திருந்து, சூடு ஏறிய பிறகுதான் பிரிக்க வேண்டும்.

படி 6: மாடியில் ஒரு முழுப் பயிற்சி

பெங்களூரு ஐஐஎஸ்சி வளாகத்தில் உலக ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ், குளோனாஸ் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர்) வலையமைப்பைச் சேர்ந்த நிலையம் ஒன்று இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 90 கி.மீ., தர்மபுரியிலிருந்து 118 கி.மீ. அதன் தரவை நாசாவின் சிடிடிஐஎஸ் தளத்தில் கணக்குத் தொடங்கி இலவசமாக இறக்கலாம். துருவத்தில் தொலைவிலுள்ள பேஸை வைத்துக் கணக்குப் போடுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

மாடியில் 24 மணிநேரம் பதியுங்கள். அந்தத் தரவை ஒருமுறை ஐஐஎஸ்சி தரவோடு சேர்த்து ஆர்டிகேலிப் மென்பொருளில் கணக்கிடுங்கள். ஒருமுறை கனடா அரசின் இலவச பிபிபி சேவைக்கு அனுப்புங்கள். ஒருமுறை ஆஸ்திரேலியாவின் ஆஸ்போஸுக்கு அனுப்புங்கள். மூன்று விடையும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். பிறகு அதே ஃபைலை 6 மணிநேரம், 2 மணிநேரம், 1 மணிநேரம் என்று வெட்டி மறுபடி அனுப்புங்கள். எத்தனை மணிநேரம் போதும் என்ற கேள்விக்கு உங்கள் கருவியே பதில் சொல்லிவிடும்.

இதையெல்லாம் தடித்த கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ராயக்கோட்டை மலைமேல் ஏறிப் பழகினால் காற்றும் கிடைக்கும். ஆனால் அது பாதுகாக்கப்பட்ட கோட்டை, ஆணி அடிக்கக் கூடாது. இந்த மலைகளுக்கு அளவை புதிதல்ல. 1792-ல் பாராமகால் (இந்தப் பகுதியின் பழைய பெயர்) கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனதும் கம்பெனி அதிகாரிகள் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வருடக்கணக்கில் இந்தச் சீமையை அளந்தார்கள்.

படி 7: பனிமேல் கருவி வைப்பது

ட்ரைபாட்டின் இரும்புக் கால் வெயிலில் சூடேறி பனியை உருக்கி இறங்கும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் பிளைவுட் துண்டு வையுங்கள். வெள்ளைத் துணியால் மூடுங்கள். கயிறு கட்ட முளை அடித்தால் பனியில் நிற்காது. ஒரு பலகையில் கயிற்றைக் கட்டிப் பனிக்குள் புதைத்து மிதித்துவிடுங்கள். சில மணிநேரத்தில் பாறைபோல் இறுகிவிடும்.

ஆன்டெனாவின் வடக்குக் குறி எப்போதும் மெய்வடக்கைப் பார்க்கட்டும். காந்த ஊசியை நம்பாதீர்கள், அங்கே அது வெகுதூரம் விலகிக் காட்டும். மூடி போட்ட ஆன்டெனா என்றால் கடைசிவரை அதே மூடியோடு அளங்கள். மூடியைக் கழற்றினால் உயரம் மி.மீ. கணக்கில் மாறும்.

இனி ஆன்டெனா உயரம். என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குவாரியில் போலை 1.80 மீட்டருக்கு இறக்கி வைத்து அளந்தேன். கருவியில் முந்தைய நாளின் 2.00 அப்படியே இருந்தது. எல்லாப் புள்ளியும் 20 சென்டிமீட்டர் தாழ்ந்துபோயிற்று. ஒரு ஹெக்டேருக்கு 2000 கனமீட்டர் கல் கூடுதலாக வெட்டியதாகக் கணக்கு காட்டியது. முதலாளி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. குறிப்பேட்டில் 1.80 என்று எழுதியிருந்ததால்தான் தப்பித்தேன். அன்றிலிருந்து மூன்று இடத்தில் அளக்கிறேன், தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அளக்கிறேன், டேப் தெரிகிற மாதிரி போட்டோ எடுக்கிறேன். சாய்வாக அளந்ததா, நேர்குத்தாக அளந்ததா, ஆன்டெனாவின் எந்த விளிம்பு வரை என்பதை ஒரு சின்னப் படமாகவே வரைந்துவிடுகிறேன். பனியில் முடிக்கும்போது அளப்பது இன்னும் முக்கியம். தம்பியின் ஒரு பதிவில் ட்ரைபாட் 4 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. இரண்டாவது அளவை எடுக்காமல் இருந்திருந்தால் பனியாறு தாழ்ந்ததாக எழுதியிருப்பார்.

குறிப்பேட்டில் நிலையத்தின் பெயர், கருவி எண், ஆன்டெனா எண், தொடங்கிய, முடிந்த நேரம், வானிலை, கால் அடியில் என்ன இருந்தது எல்லாம் வேண்டும். நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கட்டும். இந்திய நேரத்தில் ஒன்று, கப்பல் நேரத்தில் ஒன்று என்று எழுதியவரின் குறிப்பைப் பிரிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

பனிப்பரப்பில் பட்டுத் திரும்பும் சிக்னல் நமக்குத் தொல்லை. ஆனால் அதே எதிரொலியை வைத்துப் பனியின் ஆழத்தை அளக்கலாம் என்று கொலராடோவின் கிறிஸ்டின் லார்சன் காட்டினார். மூலத்தரவை அழிக்காமல் வைத்திருக்க இது இன்னொரு காரணம்.

படி 8: தரவும் கணக்கும்

அன்றன்று இறக்கி இரண்டு பிரதி எடுங்கள். கருவிக் கம்பெனியின் ஃபார்மட்டையும் வையுங்கள், ரைனெக்ஸாகவும் (எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஃபார்மட்) மாற்றி வையுங்கள். இரண்டு பிரதியும் ஒரே பெட்டியில் பயணிக்கக் கூடாது.

அவசரமாகப் பார்க்க வேண்டுமென்றால் மறுநாளே விரைவுச் சுற்றுப்பாதைத் தரவில் கணக்கிடலாம். அறிக்கைக்குப் போகிற எண் மட்டும் இரண்டு வாரம் கழித்து வரும் இறுதிச் சுற்றுப்பாதையில் வந்ததாக இருக்கட்டும். நகரும் பனியை நிலையான புள்ளியாக வைத்துக் கணக்கிடாதீர்கள். நாளுக்குப் பத்து மீட்டர் ஓடும் இடத்தில் ஒரு மணிநேரத்திலேயே 40 சென்டிமீட்டர் போய்விடும்.

ஆயத்தொலைவில் ஒரு கண்ணி இருக்கிறது. நம்மூர்க்காரர்களுக்கு அது புதிதில்லை. உலகை 6 டிகிரி மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் யுடிஎம் முறையில் ஓசூர் 43-ஆம் மண்டலம், கிருஷ்ணகிரி 44. எல்லைக்கோடான 78 டிகிரி சூளகிரிப் பக்கமாகப் போகிறது. ஓசூர் வேலையை 44-ல் போட்டுத் திருதிரு என்று விழிப்பவர்கள் மாதம் ஒருவராவது வருவார்கள். மைத்ரி 11 டிகிரி 44 நிமிடக் கிழக்கில், 32-ஆம் மண்டலத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. கிழக்கே பத்து கிலோமீட்டருக்குள் 33 தொடங்கிவிடும். அங்கே ஒரு டிகிரி தீர்க்கரேகை என்பது 37 கி.மீ.கூட இல்லை, இங்கே 108 கி.மீ.க்கு மேல். 80 டிகிரிக்குத் தெற்கே யுடிஎம்மே கிடையாது. பேசாமல் எல்லாவற்றையும் துருவ ஸ்டீரியோகிராஃபிக்கில் (துருவத்தை நடுவில் வைத்த வரைபட முறை) போடுங்கள்.

உயரத்தில் நீள்கோள உயரமா (ஜிபிஎஸ் நேரடியாகத் தருவது), கடல்மட்ட உயரமா என்று எழுதுங்கள். நம் பக்கம் இரண்டுக்கும் 85 மீட்டர் அளவுக்கு வித்தியாசம் இருப்பதால் தப்பு பளிச்சென்று தெரிந்துவிடும். அங்கே வித்தியாசம் சிறியது, தப்பு ஒளிந்துகொள்ளும்.

கடைசியாக, ஒவ்வொரு ஆயத்தொலைவுக்குப் பக்கத்திலும் எந்தச் சட்டகம் (ஆயத்தொலைவை எந்த அடிப்படையிலிருந்து எண்ணியது), எந்தத் தேதி என்று குறித்துவிடுங்கள். என் மாடியில் பதித்த பித்தளை ஆணியும் இந்தியத் தட்டோடு சேர்ந்து வருடத்துக்கு 5 சென்டிமீட்டர் வடகிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. தம்பி புறப்படும் முன் அதில் அளந்தார், திரும்பி வந்ததும் அளந்தார். ஆறு சென்டிமீட்டர் நகர்ந்திருந்தது. 'ஆணி லூசாயிடுச்சாண்ணா?' என்று கேட்டார். நாள்காட்டியை எடுத்துக் கொடுத்தேன். நடுவில் பதினான்கு மாதம்.